வேறொரு துறையில் முதுநிலைப் படிப்பு: சேர்வதா, வேண்டாமா என்று தயங்குவோருக்கு

வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகள் ஒரு தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு புள்ளியியலில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தவன் நான். முதல் முறை விண்ணப்பித்த ஐந்து இடங்களும் என்னை நிராகரித்தன. மாறலாம் என்று நினைத்த நாளிலிருந்து வகுப்பில் போய் உட்கார்ந்த நாள் வரை இருபத்தேழு மாதங்கள் ஆயின. அவற்றில் பன்னிரண்டு மாதங்கள், வரிசை தெரியாமல் காரியங்களைச் செய்ததால் மட்டுமே வீணாயின. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் மாற வேண்டும் என்றோ மாறக் கூடாது என்றோ சொல்வது என் நோக்கமன்று. பெரிய பணம் கையை விட்டுப் போகும் முன், சிறிய செலவில் எவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள முடியுமோ அவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

1. உங்களுக்கு வேண்டியது உரிமமா, பட்டமா, பயிற்சியா?

இந்த மூன்றும் ஒன்றல்ல. வழக்கறிஞர், மருத்துவ உளவியலாளர், கட்டடக்கலைஞர் போன்ற தொழில்களில் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமத்துக்கு எந்தப் படிப்பு செல்லும் என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிப்பதில்லை, உரிமம் தரும் அமைப்புதான் தீர்மானிக்கிறது. எனவே இத்தகைய துறைக்கு மாற நினைப்பவர் பல்கலைக்கழகத்தின் விளம்பர ஏட்டைப் பார்ப்பதற்கு முன், உரிம அமைப்பு வெளியிடும் அங்கீகாரப் பட்டியலைப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே உளவியல் மாற்றுப் படிப்புகள் நடத்தப்படுகின்றன. அவற்றுள் பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவை மட்டுமே பட்டய உளவியலாளர் (சார்ட்டர்டு, அதாவது சங்கம் அங்கீகரித்த தொழில்முறை உளவியலாளர்) ஆவதற்கான அடிப்படைத் தகுதியைத் தரும். பெயரில் 'உளவியல்' என்ற சொல் இருக்கும் எல்லா முதுநிலைப் பட்டங்களும் அதைத் தந்துவிடா. அமெரிக்காவில் கட்டடக்கலை படிக்காதவருக்கான முதுநிலைப் படிப்பு பொதுவாக மூன்று ஆண்டுகளோ அதற்குச் சற்று மேலோ நீளும். கட்டடக்கலையில் தொழில்முறைக்கு முந்திய இளநிலைப் பட்டம் பெற்றவருக்கு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். கணக்குப் போடும்போது இரண்டு என்று போட்டுவிட்டு, சேர்ந்த பிறகு மூன்று என்று அறிவது வேதனையானது.

இரண்டாவது வகையில் சட்டம் பட்டத்தைக் கேட்பதில்லை. வேலை தருபவர் கேட்கிறார். இதை ஊகிக்க வேண்டாம். நீங்கள் விரும்பும் பணிக்கு வந்துள்ள முப்பது வேலை அறிவிப்புகளை எடுத்து, எத்தனையில் பட்டம் கட்டாயம், எத்தனையில் 'விரும்பத்தக்கது', எத்தனையில் பேச்சே இல்லை என்று எண்ணுங்கள். ஒரு மாலை நேர வேலைதான் இது. பாதிக்கு மேல் கட்டாயமில்லை என்று வந்தால், இரண்டு ஆண்டுப் படிப்பை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு வழிகளை முதலில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பயிற்சி மட்டும் தேவைப்படும் நிலை. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் உயிரியல் மாணவராகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் படித்து, அங்கே இரண்டாவது பட்டம் எதையும் வாங்காமலே யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணிக்குச் சென்றார். 2009இல் ரைபோசோம் ஆய்வுக்காக அவருக்கு வேதியியலில் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கையில் ஏற்கெனவே ஒரு முனைவர் பட்டம் இருந்தது என்பதை மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். ஆனாலும், துறை மாறுவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது பாடங்களும் ஆய்வகப் பழக்கமுமே தவிர, இன்னொரு சான்றிதழ் அன்று.

2. புதிய துறையின் நடுப்பகுதியை எட்டு வாரங்கள் படித்துப் பாருங்கள்

எந்தத் துறைக்கும் முகப்பு அழகாகத்தான் இருக்கும். அறிமுகக் காணொளிகளும் முதல் அத்தியாயங்களும் ஆளை ஈர்ப்பதற்காகவே ஆக்கப்பட்டவை; அவற்றைப் பார்த்துப் பிறந்த ஆர்வத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. துறையின் அன்றாடம் நடுப்பகுதியில் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க இப்போது பணமும் பெரிதாகத் தேவையில்லை. எம்.ஐ.டி.யின் ஓப்பன் கோர்ஸ்வேர் தளத்தில் பாடத்திட்டங்கள், வீட்டுப்பாடங்கள், பல பாடங்களுக்கு முந்தைய தேர்வுத்தாள்களும் விடைகளும்கூட இலவசமாகக் கிடைக்கின்றன. நான் 18.06 என்ற எண் கொண்ட நேரியல் இயற்கணிதப் பாடத்தை எடுத்து, வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, எட்டாவது வார முடிவில் பழைய தேர்வுத்தாள் ஒன்றைக் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதினேன். பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. அந்த மதிப்பெண்ணைவிட, தவறாகச் செய்த கணக்குகளை அன்றிரவே திரும்பப் போட்டுப் பார்க்கத் தோன்றியதுதான் எனக்குப் பயனுள்ள தகவலாக இருந்தது.

தேர்வு எழுதிப் பார்க்க முடியாத துறைகளுக்கு வேறு சோதனைகள் உண்டு. வரலாறு, மொழியியல், சமூகவியல் போன்றவற்றுக்கு, நீங்கள் சேர நினைக்கும் துறையில் அண்மையில் முதுநிலை முடித்தவர்களின் ஆய்வேடுகள் இரண்டை முழுவதுமாகப் படித்து, அவற்றின் வாதத்தை ஆயிரத்தைந்நூறு சொற்களில் மதிப்பிட்டு எழுதிப் பாருங்கள். பல பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலேயே தூக்கம் வந்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தகைய ஒன்றை நீங்களே எழுத வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த எட்டு வாரங்களிலேயே, அந்தத் துறையில் முதுநிலை முடித்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆனவர்கள் மூவரிடமாவது பேசிவிடுங்கள். பேராசிரியரிடம் கேட்டால் துறையைப் பற்றிச் சொல்வார். இப்போது படிப்பவரிடம் கேட்டால் படிப்பைப் பற்றிச் சொல்வார். முடித்துச் சில ஆண்டுகள் ஆனவரிடமிருந்துதான் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியும். 'உங்கள் துறை எப்படி இருக்கிறது?' என்று கேட்காமல், போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை எதில் எத்தனை மணி நேரம் போயிற்று என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பதில்களில், தரவைச் சுத்தம் செய்வதிலேயே வாரத்தின் பெரும்பகுதி போகிறது என்பது மூவருக்கும் பொதுவாக இருந்தது. அதைத் தெரிந்துகொண்டே சேர்ந்ததால் பின்னால் எனக்கு ஏமாற்றம் இல்லை.

இப்போதைய வேலையின் மேல் உள்ள வெறுப்பைப் புதிய துறையின் மேல் உள்ள விருப்பம் என்று எண்ணிக்கொள்வது எளிது. இதே வேலை, வேறு மேலாளர், கூடுதல் சம்பளம் என்று நாளையே ஒரு வாய்ப்பு வந்தால் மாறும் எண்ணம் கரைந்துவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரைந்துவிடும் என்றால், தேட வேண்டியது அந்த வேலையைத்தான்.

3. முன்தகுதிப் பட்டியலை உங்கள் மதிப்பெண் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்

நான் முழுவதுமாகத் தவறவிட்ட படி இது. 'அறிவியல் அல்லது தொடர்புடைய துறையில் இளநிலைப் பட்டம்' என்ற வரியைப் படித்து, வேதியியல் அறிவியல்தானே என்று நிம்மதியடைந்து, ஐந்து இடங்களுக்குக் கட்டணம் கட்டினேன். அதே பக்கத்தின் அடியில் இருந்த முன்தகுதிப் பாடங்கள் என்ற பகுதியை 'பரிந்துரை' என்று எடுத்துக்கொண்டேன். அவர்களோ அதைத்தான் முதல் சல்லடையாகப் பயன்படுத்தினார்கள். பல்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகிய மூன்றில் என் மதிப்பெண் பட்டியலில் ஒன்றுகூடப் பெயர் சொல்லி இல்லை.

துறைகள் பொதுவாக இரண்டு விதம். பொதுச் சுகாதாரம், வணிக நிர்வாகம், நூலக அறிவியல், பொதுக் கொள்கை, இதழியல் போன்றவை எந்தப் பின்னணியிலிருந்து வருபவரையும் பெரும்பாலும் ஏற்கும். சிலவற்றில் பணி அனுபவமே கூடுதல் பலமாகும். கணிதம், புள்ளியியல், இயற்பியல், பொறியியல், பொருளாதாரம் போன்றவை குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட அளவில் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். இரண்டாம் வகைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஓர் அட்டவணை. முதல் பத்தியில் அவர்கள் கேட்கும் பாடம். இரண்டாவதில் நீங்கள் படித்தவற்றுள் அதற்கு மிக நெருக்கமான பாடம், உங்கள் மதிப்பெண் பட்டியலில் உள்ள அதே பெயரில். மூன்றாவதில் கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) அல்லது மணி நேரம். நான்காவதில் அந்தப் பாடத்தில் உண்மையில் நடத்தப்பட்ட தலைப்புகள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 இ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பொதுக் கிரெடிட் முறை) கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இதைத் தெரிந்துவைத்திருந்தால், 'கணிதத்தில் 30 கிரெடிட்' என்று ஒரு துறை கேட்கும்போது அரையாண்டு முழுவதும் கணிதம் மட்டுமே படித்ததற்கு இணையானதைக் கேட்கிறது என்று புரியும்.

நான்காவது பத்திதான் மதிப்புமிக்கது. பாடத்தின் தலைப்பு வேறாக இருந்தாலும் உள்ளடக்கம் பொருந்தலாம். என் இயற்பிய வேதியியல் பாடத்தில் பகுதி வகைக்கெழுக்களும் குவாண்டம் பகுதியில் அணிகளும் நடத்தப்பட்டிருந்தன. தலைப்பில் கணிதம் என்ற சொல் இல்லாததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பழைய பாடத்திட்டத்தைத் தேடி இணைத்த பிறகு, இரண்டாம் சுற்றில் ஒரு துறை அதைப் பகுதித் தகுதியாக ஏற்றுக்கொண்டது.

அட்டவணை தயாரானதும், கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 'எனக்குத் தகுதி உண்டா?' என்று கேட்டால் 'விண்ணப்பியுங்கள், பரிசீலிக்கிறோம்' என்ற பதில்தான் வரும். அட்டவணையை இணைத்து, 'இன்ன பாடத்தை உங்கள் இன்ன முன்தகுதிக்கு ஈடாக ஏற்பீர்களா? ஏற்காவிட்டால், அதை எந்த வடிவில் படித்து வர வேண்டும்?' என்று இரண்டே வாக்கியங்களில் கேளுங்கள். மூன்று வாரங்களுக்குள் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். வரும் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். விண்ணப்பத்தோடு இணைக்க அது உதவும்.

4. இடைவெளியை நிரப்பும் வழிகள்

வழி நான்கு. பட்டத்துக்குப் பதிவு செய்யாமல் தனிப் பாடமாக ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தேர்வு எழுதி, கிரெடிட் வாங்குவது முதலாவது. நான் எடுத்தது இதுதான். வேலையை விடாமல் ஒரு பருவத்தில் இரண்டு பாடங்கள் படித்தேன். மூன்றாவதையும் எடுத்திருந்தால் மூன்றிலும் மதிப்பெண் சரிந்திருக்கும். இரண்டாவது, வேறு துறையினருக்கென்றே நடத்தப்படும் மாற்றுப் படிப்பு அல்லது முதுநிலைப் பட்டயம். மூன்றாவது, விடுபட்ட பாடங்களைச் சேர்ந்த பிறகு முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கிடைக்கும் அட்மிஷன். நான்காவது, இணையவழிச் சான்றிதழ்.

நான்காவதில் ஏமாறுவோர் அதிகம். மேற்பார்வையுடன் தேர்வு நடத்தி, மதிப்பெண்ணும் கிரெடிட்டும் தரும் இணையப் பாடத்துக்கும், காணொளிகளைப் பார்த்து முடித்ததற்காகத் தரப்படும் சான்றிதழுக்கும் தேர்வுக் குழு பெரிய வேறுபாடு காண்கிறது. முதல் சுற்றில் நான் பின்னதில் ஏழு சான்றிதழ்களை இணைத்திருந்தேன். அவற்றால் எனக்குப் படிப்பு வந்தது உண்மை; அட்மிஷன் வரவில்லை.

நிபந்தனை அட்மிஷனிலும் ஒரு கண்ணி உண்டு. கூடுதல் பாடங்களால் படிப்பு ஒரு பருவம் நீளக்கூடும். ஆனால் உதவித்தொகை வழக்கமான காலத்துக்கு மட்டுமே வழங்கப்படலாம். அந்தக் கூடுதல் பருவத்தின் கட்டணத்தை யார் கட்டுவது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, முதுநிலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ.யை இப்போது பல துறைகள் கேட்பதில்லை. கேட்காத இடத்திலும் விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று இருந்தால், கணிதப் பின்னணி இல்லாமல் கணிதம் சார்ந்த துறைக்கு மாறுபவர் அதன் கணிதப் பகுதியில் நல்ல மதிப்பெண் காட்டுவது பயன்தரும். 2023 செப்டம்பர் முதல் அந்தத் தேர்வு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கப்பட்டுவிட்டது. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 21 நாள் இடைவெளியில் மீண்டும் எழுதலாம், பன்னிரண்டு மாதங்களில் ஐந்து முறை வரை. ஆங்கில மொழித் தேர்வான டோஃபலின் மதிப்பெண்ணோ இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும், அதே வகைத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணையும் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே ஏற்கிறார்கள். எளிதானதை முதலில் முடித்துவிடலாம் என்று மொழித் தேர்வை நான் முதல் மாதமே எழுதினேன். இரண்டாம் சுற்றில் விண்ணப்பித்தபோது அது செல்லுபடியாகத்தான் இருந்தது. சேரும் நேரத்தில் காலாவதியாகிவிட்டது. மீண்டும் கட்டணம், மீண்டும் ஒரு சனிக்கிழமை.

5. செலவை மாதச் சம்பளத்தில் கணக்கிடுங்கள்

நாணயத்தில் எழுதிய தொகை பெரிதாகவோ சிறிதாகவோ தோன்றி நம்மை ஏமாற்றும். அதனால், எல்லாச் செலவையும் உங்கள் இப்போதைய மாதச் சம்பளத்தால் வகுத்து, 'எத்தனை மாதச் சம்பளம்' என்று எழுதிக்கொள்ளுங்கள். என் கணக்கு இப்படி வந்தது: கல்விக் கட்டணம் 11 மாதச் சம்பளம், முன்தகுதிப் பாடங்கள், தேர்வுகள், விண்ணப்பங்கள், ஆவணங்கள் எல்லாம் சேர்ந்து 2, இரண்டு ஆண்டுகள் வேலை இல்லாததால் இழந்த சம்பளம் 24, வாழ்க்கைச் செலவில் கூடுதலானது 1. மொத்தம் 38. படிக்கும்போதே துறையில் செய்யும் உதவியாளர் பணியிலிருந்து வரவேண்டியது 8. கழித்தால் 30.

இங்கே பலர் செய்யும் பிழை, இழந்த சம்பளத்தையும் முழு வாழ்க்கைச் செலவையும் சேர்த்து எழுதுவது. வேலையில் இருந்தாலும் நீங்கள் உண்ணவும் உறங்கவும் செலவழித்திருப்பீர்கள். அதை இரண்டு முறை எண்ணக் கூடாது. சம்பள இழப்பை முழுமையாக எழுதினால், வாழ்க்கைச் செலவில் இப்போதைவிட அதிகமாகும் பகுதியை மட்டுமே எழுத வேண்டும். இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு: சம்பள இழப்பை எழுதாமலே விட்டுவிடுவது. என் கணக்கில் மிகப் பெரிய தொகையே அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து, புதிய வேலையில் சம்பளம் எவ்வளவு கூடும் என்று, மேலே சொன்ன மூவரிடமும் கேட்டு, அடக்கமாக ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு கூடும் என்றால், 30 மாதச் சம்பளத்தைத் திரும்ப எடுக்க 120 மாதங்கள், அதாவது பத்து ஆண்டுகள். அரைப் பங்கு கூடினால் ஐந்து ஆண்டுகள். வரி, வட்டி, இடையில் கிடைத்திருக்கக்கூடிய பதவி உயர்வு ஆகியவற்றைச் சேர்த்தால் காலம் இன்னும் நீளும். சம்பளம் கூடாது, குறையவும் கூடும் என்ற துறைகள் ஏராளம். அவற்றில் இந்த 30 என்பது முதலீடு அன்று, விரும்பிய வேலைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அந்த விலையைக் கொடுப்பது தவறே அன்று. அது விலை என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவே.

உதவித்தொகையிலும் கடனிலும் துறை மாறுவோரைப் பாதிக்கும் விதிகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஒரு முதுநிலைப் பட்டம் வைத்திருப்பவருக்குச் சில திட்டங்கள் கதவை மூடிவிடுகின்றன. இங்கிலாந்தில் அரசு தரும் முதுநிலைக் கல்விக் கடன் அப்படிப்பட்டது. கடைசியாகப் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்று சில திட்டங்களும், பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை போல, குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் இருக்க வேண்டும் என்று வேறு சிலவும் கேட்கின்றன. ஆகவே பணத்துக்கான தகுதியை அட்மிஷனுக்கான தகுதியிலிருந்து தனியாகச் சரிபாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று முடிவு செய்தாலும் அது முழுமையான முடிவுதான். என் நண்பர் ஒருவர் இதே கட்டத்தில் நின்று, தன் நிறுவனத்திலேயே வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஆன செலவு ஒரு தனிப் பாடத்தின் கட்டணம் மட்டுமே.

6. ஆவணங்கள்

இதில் திறமைக்கு வேலையில்லை. முன்கூட்டித் தொடங்குவது ஒன்றே வழி. டிரான்ஸ்கிரிப்ட் (எல்லாப் பாடங்களின் மதிப்பெண்களையும் பல்கலைக்கழகம் தொகுத்துத் தரும் ஆவணம்), பட்டச் சான்றிதழ், ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டம், மதிப்பெண் முறையை விளக்கும் குறிப்பு, மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு, பணி அனுபவச் சான்று ஆகியவை வேண்டும். சில நாடுகளில் வெளிநாட்டுப் பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கையும் கேட்பார்கள். அதற்கான நிறுவனம் உங்கள் டிரான்ஸ்கிரிப்டைப் பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாகப் பெற விரும்பக்கூடும். அப்போது வேகம் உங்கள் கையில் இருக்காது.

துறை மாறாதவருக்குத் தேவைப்படாத பாடத்திட்டம்தான் நமக்கு உயிர்நாடி. நீங்கள் படித்த ஆண்டில் நடைமுறையில் இருந்த பாடத்திட்டமே வேண்டும். இணையத்தில் இப்போது இருப்பது திருத்தப்பட்டதாக இருக்கலாம். நான் படித்த கல்லூரியில் பழைய பாடத்திட்டத்தின் நகல் கிடைக்கவே பதினொரு வாரங்கள் ஆயின. நான் முதலில் விண்ணப்பித்த பிரிவு, கோப்பு இன்னொரு பிரிவில் இருப்பதாகச் சொல்ல, அந்தப் பிரிவு திரும்ப முதல் பிரிவையே காட்டியது. கடைசியில் துறையின் பழைய ஆய்வக உதவியாளர் ஒருவர்தான் அலமாரியிலிருந்து அதை எடுத்துத் தந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த அன்றே ஒரு படி எடுத்து வைத்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. இன்னும் கல்லூரியில் இருப்பவர் யாரேனும் இதைப் படித்தால், இந்த வாரமே அதைச் செய்துவிடுங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் விரிந்த பெயர், தேர்வுப் பதிவில் முன்பின் மாறிய பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், ஒவ்வோர் இடத்திலும் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும். தேர்வுகளுக்குப் பதிவு செய்யும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சான்றிதழில் வேறுபாடு இருந்தால் இருவரும் ஒருவரே என்பதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை ஒரே முறை வாங்கிப் படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. பரிந்துரைக் கடிதங்களும் நோக்க அறிக்கையும்

முதல் சுற்றில் என் மூன்று கடிதங்களையும் வேதியியல் ஆசிரியர்களே எழுதினார்கள். மூன்றும் அன்பான கடிதங்கள் என்றே நம்புகிறேன். ஆனால் நான் புள்ளியியல் படிக்கத் தக்கவனா என்பதற்கு அவர்கள் சாட்சி சொல்ல முடியாது. இரண்டாம் சுற்றில், தனிப் பாடமாகப் படித்த நிகழ்தகவுப் பாடத்தின் ஆசிரியர் ஒரு கடிதம் எழுதினார். புதிய துறையிலிருந்து ஒரு கடிதமாவது இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. தனிப் பாடம் எடுப்பதன் பாதிப் பயனே இதுதான். ஆகவே வகுப்பில் கடைசி வரிசையில் மறைந்திருக்க வேண்டாம். கடிதம் கேட்பதை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே செய்து, உங்கள் அட்டவணையையும் நோக்க அறிக்கையின் வரைவையும் உடன் அனுப்புங்கள்.

நோக்க அறிக்கையில் பழைய துறையைக் குறை சொல்லாதீர்கள். சிறு வயதுக் கனவையும் எழுதாதீர்கள். படிப்பவருக்கு மூன்று ஐயங்கள் இருக்கும்: இவர் ஏன் மாறுகிறார், தாக்குப்பிடிப்பாரா, பாதியில் மறுபடி மாறிவிடுவாரா. இவற்றுக்குச் சான்றுடன் பதில் சொன்னால் போதும். பரிசோதனைக் கூடத்தில் ஒரே மாதிரியை இரண்டு கருவிகள் வேறு வேறாக அளந்தபோது, எந்த வேறுபாடு தற்செயல், எது கருவியின் கோளாறு என்று பிரிக்கத் தெரியாமல் நான் நின்ற இடத்திலிருந்து என் அறிக்கை தொடங்கியது. அந்தப் பத்தி, ஏன் மாறுகிறேன் என்பதையும் பழைய அனுபவம் எப்படிப் பயன்படும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டது.

8. காலக் கணக்கு

வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பதினெட்டு முதல் இருபது மாதங்களுக்கு முன் எட்டு வாரச் சோதனை. பதினாறாம் மாதத்தில் முன்தகுதி அட்டவணையும் மின்னஞ்சல்களும். அதே நேரத்தில் பாடத்திட்டத்துக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பம். பதினைந்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை தனிப் பாடங்கள். பன்னிரண்டாம் மாதத்தில் ஜி.ஆர்.இ., தேவைப்பட்டால், பத்தாம் மாதத்தில் மொழித் தேர்வும் கடிதங்களுக்கான வேண்டுகோளும். ஒன்பதிலிருந்து எட்டாம் மாதத்துக்குள் விண்ணப்பங்கள். செப்டம்பரில் தொடங்கும் படிப்புகளுக்குப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். உதவித்தொகையின் கடைசி நாள் அதற்கும் முன்னதாக வரலாம் என்பதால் அதையே உங்கள் கடைசி நாளாகக் கொள்ளுங்கள்.

தனிப் பாடத்தின் முடிவு விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பின் வருமானால், 'படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு முடிவு வந்ததும் அனுப்பலாமா என்று முன்பே கேளுங்கள். பலர் ஏற்பார்கள், ஏற்காத இடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.

எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிப்பது என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: ஒருங்கிணைப்பாளர் உங்கள் அட்டவணையைப் பார்த்துச் சாதகமாகப் பதில் எழுதிய இடங்கள் மட்டும். இரண்டாம் சுற்றில் அப்படி நான்குதான் தேறின; இரண்டில் இடம் கிடைத்தது.

9. இடம் கிடைத்த பிறகு

ஒப்புதல் தர அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டுள்ள ஓர் உடன்பாட்டின்படி, நிதியுதவியுடன் கூடிய முதுநிலை இடத்துக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வேறு நாடுகளில் முன்பணம் கட்டச் சொல்லும் வழக்கம் உண்டு. அது திரும்பக் கிடைக்குமா, விசா மறுக்கப்பட்டால் கிடைக்குமா என்பதைக் கட்டும் முன் கேளுங்கள். அதே மின்னஞ்சலில் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்றும், தள்ளிவைத்தால் உதவித்தொகை கூடவே வருமா என்றும் கேட்டுவிடுங்கள். சேர்க்கை காத்திருக்கும், பணம் காத்திருக்காது என்பதே பெரும்பாலும் பதிலாக வரும்.

வந்த இடத்தை ஐந்தாம் படியின் கணக்கில் உண்மையான எண்களுடன் மீண்டும் போட்டுப் பாருங்கள். எனக்கு முதலில் வந்த இடத்தில் உதவியாளர் பணி இல்லை. 30 என்று இருந்தது 38 ஆகிவிட்டது. அது பெயர்பெற்ற இடம். மறுத்துவிட்டு இரண்டாவதை ஏற்றேன். முப்பத்துமூன்று மாதச் சம்பளம்தான் என் எல்லை என்று எட்டு மாதங்களுக்கு முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் அந்த மறுப்பைச் செய்ய முடிந்தது; பெயரைப் பார்த்த பிறகு எல்லை வகுக்க உட்கார்ந்திருந்தால் எல்லையும் 38 ஆகியிருக்கும்.

நிதியுதவிக் கடிதம் எழுத்தில் கைக்கு வந்து, வெளிநாடு என்றால் விசாவும் வந்த பிறகே வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக்கொடுங்கள். விலகும் முன், உங்கள் பணியின் தன்மையை விவரித்து எழுதிய அனுபவச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பதவியின் பெயரும் தேதிகளும் மட்டும் உள்ள சான்று போதாது. தரவோடும் அளவீடுகளோடும் நீங்கள் செய்த வேலை அதில் எழுதப்பட்டிருந்தால், படித்து முடித்துப் புதிய துறையில் வேலை தேடும்போது அந்த ஆண்டுகளையும் அனுபவமாகக் காட்ட முடியும்.